மகளின் மதிப்பெண்ணுக்கு அமெரிக்காவில் உதவித்தொகை கிடைக்குமா?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவர். வருமான வரிக் கணக்கில் வரும் நிகர வருமானம் ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய். சொந்த வீடு இருக்கிறது. ஷெட்டும் சொந்தம்தான், அதன் மேல் கொஞ்சம் வங்கிக் கடன். கையில் சேமிப்பு 22 லட்சம். மகள் சி.பி.எஸ்.இ. பதினொன்றாம் வகுப்பு, பத்தாம் வகுப்பில் 97 சதவீதம், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் 1490. கணிதமும் கணினி அறிவியலும் சேர்த்து அமெரிக்காவில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மகன் எட்டாம் வகுப்பு.

ஒரு கன்சல்டன்ட் இவர்களிடம் நாலு விஷயம் சொல்லியிருக்கிறார். இந்த மதிப்பெண்ணுக்கு ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடங்களில் மெரிட் ஸ்காலர்ஷிப் உறுதி. விண்ணப்பத்தில் 'பண உதவி வேண்டும்' என்று குறிக்க வேண்டாம், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். தேவைப்பட்டால் வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சான்றிதழ் ஏற்பாடு செய்யலாம். மகள் பெயரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டுத் தருவார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றரை லட்சம். 50,000 முன்பணம் கொடுத்தாகிவிட்டது. "நாங்கள் ஏழைகள் இல்லை மேடம். கஷ்டப்பட்டவர்களுக்குத் தரும் உதவியைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. பாப்பாவின் மார்க்கை வைத்துத்தான் கேட்க முடியும். எந்தெந்த யூனிவர்சிட்டிக்குப் போடலாம்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

எந்த யூனிவர்சிட்டி என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொகை இருக்கிறது. மகனின் படிப்பைத் தொடாமல், ஷெட்டை அடமானம் வைக்காமல், ஆண்டுக்கு உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும்? கடிதத்தில் வருமானம், சேமிப்பு, கடன் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இது மட்டும் இல்லை. ஐந்து லட்சமோ ஏழு லட்சமோ, அந்தத் தொகையை நீங்களும் உங்கள் மனைவியும் முடிவு செய்து முதலில் மகளிடம் சொல்லுங்கள். ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு, "நம்மால் முடியாதும்மா" என்று சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை.

தொகையை முதலில் சொல்லச் சொல்வதற்குக் காரணம் செலவின் அளவு. அங்குள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் வரை ஆகிறது. டாலர் 88 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 90,000 டாலர் என்றால் ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு மூன்று கோடியைத் தாண்டும்.

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையாது

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட, 'ஐவி லீக்' என்று அழைக்கப்படும் எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண்ணுக்காகவோ திறமைக்காகவோ இளநிலை மாணவர்களுக்குப் பணம் தருவதில்லை. எம்.ஐ.டி.யும் தருவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு, படிப்புக்கு இல்லை. காரணம் எளிது. அங்கே விண்ணப்பிக்கிற எல்லோருமே முதல் மாணவர்கள். சேருகிறவர்களில் பெரும்பாலோர் சாட் தேர்வில் 1500க்கு மேல் வாங்கியவர்கள். அந்தக் கூட்டத்தில் 97 சதவீதத்துக்குத் தனியாகப் பரிசு கொடுக்க அவர்களுக்கு அவசியம் இல்லை. அங்கே கிடைக்கும் உதவி முழுக்க முழுக்கக் குடும்பத்தின் தேவையைப் பார்த்துத் தரப்படுவது. ஆகவே 'ஹார்வர்டு மெரிட் ஸ்காலர்ஷிப் உறுதி' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அந்தத் தேவை அடிப்படையிலான உதவி உங்களுக்கு இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த இடம்தான்.

14 லட்சம் ரூபாயை டாலராக்கிப் பாருங்கள். சுமார் 16,000 டாலர். 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வர்டு, ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் வரை உள்ள, சராசரிச் சொத்து வைத்திருக்கும் குடும்பங்களிடம் எதுவும் வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கிறது. 2,00,000 டாலர் வரை கல்விக் கட்டணம் இல்லை. எம்.ஐ.டி.யும் ஏறக்குறைய இதே அளவுகளை வைத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் உதவி கணக்கிடும் முறை அங்கே அதேதான். திருப்பூரில் நீங்கள் வசதியானவர், பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அவர்கள் கணக்கில் நீங்கள் முழு உதவிக்குத் தகுதியுள்ளவர். இதில் தலைகுனிய எதுவும் இல்லை. அங்குள்ள நடுத்தரக் குடும்பங்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புகின்றன. சொத்தையும் கேட்பார்கள்: வீடு, ஷெட், மெஷின், சேமிப்பு. எதை எவ்வளவு கணக்கில் சேர்ப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒன்றை மறக்காதீர்கள்: வியாபாரத்தின் டர்ன்ஓவர் வேறு, வருமானம் வேறு. ஒரு கோடி டர்ன்ஓவரை வருமானக் கட்டத்தில் எழுதி வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

'உதவி வேண்டாம்' என்று குறித்தால் என்ன ஆகும்?

கன்சல்டன்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து.

சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டாரா இல்லையா என்பதைப் பார்க்காமலே இடம் கொடுப்பதை முடிவு செய்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகியவை அப்படி. இவற்றில் உதவி கேட்பதால் ஒரு துளி நஷ்டமும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல் போன்றவை வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் அதையும் சேர்த்தே பார்க்கின்றன. உதவி கேட்டால் அங்கே போட்டி இன்னும் கடினமாகும் என்பது உண்மைதான்.

அதற்காகக் கேட்காமல் விட்டால்? வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காவிட்டால் பிறகு நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்று இவற்றில் பல எழுத்திலேயே சொல்லிவிடுகின்றன. இன்னொன்று, சேர்க்கை உறுதியானதும் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்க முதலாண்டுச் செலவுக்கான பணம் இருப்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். 80 லட்சத்தை எங்கிருந்து காட்டுவீர்கள்? உங்களைப் போன்ற குடும்பத்துக்கு, உதவி இல்லாமல் கிடைக்கும் இடம் கிடைக்காத இடம்தான். கேளுங்கள். கிடைக்காத இடம் போகட்டும்.

இந்த வழி சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இடம் கிடைப்பது சுமார் இரண்டு சதவீதம் பேருக்கு. இப்படிப்பட்ட கல்லூரி நான்கைப் பட்டியலில் வைக்கலாம். பட்டியல் முழுக்க இவையே இருக்கக் கூடாது.

மெரிட் பணம் உண்மையில் எங்கே இருக்கிறது

ஒரு கல்லூரி தன் தரத்தை உயர்த்த, வேறு இடத்துக்குப் போகக்கூடிய மாணவரைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும்போதுதான் மெரிட் பணத்தை வெளியே எடுக்கும். உங்கள் மகளுக்கு அந்தக் கல்லூரி வேண்டும் என்பதைவிட, அந்தக் கல்லூரிக்கு அவள் அதிகம் வேண்டியவளாக இருக்கிற இடம் அது. அப்படிப்பட்ட இடங்களிலும் நல்ல பெயருள்ளவை உண்டு.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கும் மூன்று பெரிய உதவித்தொகைகள் இருக்கின்றன. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டியூக்கும் வட கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்து ராபர்ட்சன் உதவித்தொகை தருகின்றன. வட கரோலினாவிலேயே மோர்ஹெட்-கெய்ன் என்று ஒன்று, அதற்கு அக்டோபரிலேயே கடைசித் தேதி வந்துவிடும். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மெரிட் உதவிக்குப் பரிசீலிக்கப்பட நவம்பர் 1க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே தேவை அடிப்படையில் உதவி கிடையாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி உதவித்தொகை முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கும். கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் உதவித்தொகை நான்கு ஆண்டுக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 37 பேருக்கு. அதற்கு மாணவி நேராக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும், ஒரு பள்ளிக்கு ஒருவர் மட்டும்.

இவை எல்லாமே கடும் போட்டி உள்ளவை. நூற்றுக்கணக்கானோரில் ஒருவரைத் தேடுபவை. இவற்றுக்குக் கீழே, அவ்வளவு பிரபலமில்லாத நல்ல கல்லூரிகள் தரும் பாதிக் கட்டண உதவிகள் ஏராளம். அங்கேதான் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பாஸ்டனில் 'பிரசிடென்ஷியல்' என்ற பெயரில் ஆண்டுக்கு 25,000 டாலர் தருகிறார்கள். கடிதம் வந்த அன்று வீடே கொண்டாடும், 22 லட்சம் ஸ்காலர்ஷிப் என்று சொந்தபந்தமெல்லாம் வாழ்த்தும். ஆனால் அங்கே மொத்தச் செலவு 90,000 டாலருக்கு மேல். கழித்துப் பாருங்கள்: மீதி 65,000 டாலர், உங்கள் கையிலிருந்து ஆண்டுக்கு 57 லட்சம். வந்தது எவ்வளவு என்று பார்க்காதீர்கள். மீதி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

மெரிட் கடிதத்தின் கீழே சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். எட்டு செமஸ்டருக்கு மட்டும் என்று இருக்கும். சராசரிப் புள்ளி (4க்குக் கணக்கிடும் ஜி.பி.ஏ.) 3.0 அல்லது 3.5க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம் என்றும் இருக்கலாம். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். உதவித்தொகை பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். தங்குமிடம், சாப்பாட்டுக்காகத் தரும் உதவிக்கு அமெரிக்காவில் வருமான வரி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு 14 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் ஒரு சலுகை இருப்பதால், கணக்குத் தாக்கல் செய்து பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். முழு உதவி கிடைத்தவர்கள்கூட முதலாண்டில் இதைத் தெரியாமல் திணறுகிறார்கள்.

'நேஷனல் மெரிட்' ஸ்காலர்ஷிப் என்று இணையத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறுபவர்களுக்குமானது.

'ஏர்லி டெசிஷன்' பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனால் நாலு கல்லூரியின் கடிதங்களை மேஜையில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும். மெரிட் பணத்தை நம்பிப் போகிறவர்கள் இதில் போடக் கூடாது. தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரி ஒன்றுதான் மகளின் முதல் விருப்பம் என்றால் போடலாம்.

சனிக்கிழமைக் கணக்கு

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சனிக்கிழமை சம்பளக் கணக்கைப் பாப்பாதான் போட்டுத் தருகிறாள், அதற்கு ஒரு புரோகிராம்கூட எழுதி வைத்திருக்கிறாள்."

ஐயா, நீங்கள் அனுப்பிய சான்றிதழ் பட்டியலில் இருக்கும் பதினோரு வரிகளைவிட இந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பீஸ் ரேட் கணக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்லாக் ஒரு ரேட், கழுத்துப்பட்டிக்கு ஒரு ரேட், பாதியில் ஸ்டைல் மாறினால் வேறு ரேட், வாரத்தின் நடுவில் வாங்கிய முன்பணம், திரும்பி வந்த டேமேஜ். இதையெல்லாம் பதினாறு வயதுப் பெண் ஒரு புரோகிராமுக்குள் கொண்டுவந்து, சனிக்கிழமை சாயந்திரம் தப்பில்லாமல் ஆளுக்கு ஆள் தொகையை எடுத்துக் கொடுக்கிறாள். எந்த ரேட் நியாயம், யாருக்கு இந்த வாரம் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அவள் மனதில் கேள்வி எழுந்திருக்கும். அதைத்தான் அவள் எழுத வேண்டும். அந்தக் கணக்கை யாருக்காவது விளக்கிச் சொன்னாளா, ஒரு டெய்லர் அக்கா "இது தப்பு கண்ணு" என்று சொல்லி அவள் திருத்தினாளா? பெரிய மெரிட் உதவித்தொகைக் குழுக்கள் நேர்காணலில் தேடுவது இப்படிப்பட்ட பிள்ளையைத்தான். காசு கொடுத்து வாங்கிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று அதன் பக்கத்தில் நின்றால் இதுவும் பொய்யோ என்று சந்தேகம் வரும். அந்தக் கட்டுரை வேண்டவே வேண்டாம்.

அந்தச் சான்றிதழும் உங்கள் 50,000 ரூபாயும்

வருமானத்தைக் குறைத்துக் காட்டும் யோசனையை இன்றோடு விடுங்கள். உங்கள் உண்மையான வருமானமே உங்களுக்குத் தகுதி தருகிறது என்று மேலே பார்த்தோம், பிறகு பொய் எதற்கு? 2024இல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் போலி ஆவணங்களைக் காட்டி முழு உதவித்தொகை பெற்ற இந்திய மாணவர் ஒருவர் கைதானார். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கே திரும்பினார். விசா அலுவலகத்தில் பொய் ஆவணம் பிடிபட்டால் அந்த நாட்டுக்குள் நுழைய வாழ்நாள் தடை வரலாம். கையெழுத்துப் போட்டது யாராக இருந்தாலும் பாதிக்கப்படுவது உங்கள் மகள்.

உதவித்தொகைக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு முதலில் எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்கு நீங்கள் செலுத்தியது ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆலோசனைக்கு ஆள் வேண்டும் என்றால், அமெரிக்க அரசின் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. மையம் சென்னையில் இருக்கிறது. அடிப்படை வழிகாட்டலுக்குக் காசு கிடையாது.

இப்போதிலிருந்து

பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பெயர் போதும்: தேவை பார்த்து முழுசாகத் தரும் கல்லூரிகள் நாலைந்து, மெரிட் தருபவை நாலைந்து, மீதி இந்தியாவில். கணிதமும் கணினியும் என்றால் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது, பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. உலகத் தரமான இடங்கள் இவை. அங்கே படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு அமெரிக்கா போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தையும் மாதச் செலவையும் பார்த்துக்கொள்கிறது. மகளிடம் இதை ஆறுதல் பரிசு போலச் சொல்லிவிடாதீர்கள். அங்கே நுழைவதே பெரிய விஷயம். ஷெட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பு முடிந்து அமெரிக்காவில் வேலை பார்க்கும் அனுமதியின் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சம்பளத்தை நம்பி இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது.

கடைசியாக, பள்ளி. நம் பள்ளிகளில் பரிந்துரைக் கடிதம் கேட்டால் நடத்தைச் சான்றிதழ் மாதிரி நாலு வரி தருவார்கள்: பணிவானவள், ஒழுக்கமானவள், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். போன ஆண்டு நான் பார்த்த ஒரு பையனின் விண்ணப்பத்தில் மூன்று டீச்சர்களின் கடிதமும் வார்த்தை மாறாமல் ஒன்றாகவே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் முதல்வரைப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல் வேண்டும், டொரான்டோவுக்குப் பள்ளியின் பரிந்துரை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் பொது விண்ணப்பம் (காமன் ஆப்) ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதற்குப் பிறகு நாள் ஓடிவிடும். கடிதத்தை, அந்தச் சனிக்கிழமைப் புரோகிராமைக் கண்ணால் பார்த்த டீச்சரிடம் கேளுங்கள். யாரும் பார்த்ததில்லை என்றால், இந்த வாரமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் கணக்கு டீச்சரிடம் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.